தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள்

சாவோ பாவ்லோ நகரின் ஊடாக ஓடும் தியெத்தே ஆறு இன்று கழிவுநீரால் கறுத்துக் கிடக்கிறது. 1920களில் நகரவாசிகள் அந்த ஆற்றில்தான் நீந்தப் பழகினார்கள். ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்குக் குடியேறிய ஒரு தகப்பன், தன் மகளையும் அங்கே இறக்கிவிட்டார். நிமோனியாவிலிருந்து மீண்டிருந்த குழந்தைக்கு மூச்சு வலுப்பட வேண்டும், அவ்வளவுதான் அவர் விரும்பியது. அந்தச் சிறுமியின் பெயர் மரியா லெங்க். 1915இல் பிறந்தவர்.

1932இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு வீரர்களை அனுப்பப் பிரேசிலிடம் போதிய பணம் இல்லை. அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலிலேயே காப்பிக்கொட்டை மூட்டைகளையும் ஏற்றினார்கள்; வழியில் விற்றுச் செலவைச் சமாளிக்கலாம் என்பது திட்டம். அந்தக் குழுவில் ஒரே பெண், 17 வயது மரியா. தென் அமெரிக்காவிலிருந்து ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் பெண்ணும் அவரே. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து பெர்லினில் அவர் நீந்திய விதம்தான் என்னை இதை எழுத வைத்தது.

இடுப்பளவு ஆற்றில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் முன்னே போக எவ்வளவு மறுக்கிறது என்று. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. நீந்துபவருக்கு இந்த எதிர்ப்பு பகையும் உறவும் ஆகும். கையைப் பின்னோக்கி இழுக்கும்போது தண்ணீர் எதிர்ப்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டு உடல் முன்னே நகர்கிறது. எதிர்ப்பே இல்லையென்றால் காற்றில் கை வீசுவதுபோல இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். சிக்கல், இழுத்து முடித்த கையைத் திரும்ப முன்னே கொண்டுபோகும் நேரத்தில் வருகிறது.

மார்பு நீச்சலில் இரண்டு கைகளும் பக்கவாட்டில் அகன்று தண்ணீரை வளைத்து இழுத்து, மார்புக்கு அடியில் கூடி, மறுபடி முன்னே நீளும். கால்கள் தவளைபோல உதைக்கும். அன்றைய வழக்கப்படி கைகள் முன்னே போவது தண்ணீருக்கு உள்ளேயேதான். இங்கே ஒரு சின்னக் கணக்கு. உடல் நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உடலை முந்திக்கொண்டு நீள வேண்டிய கை, தண்ணீரைப் பொறுத்தவரை ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. அப்படியானால் கையின் ஒவ்வொரு அங்குலமும் சந்திக்கும் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்கு. கைகளை ஒடுக்கிக் கூர்மையாக நீட்டி இதைக் குறைக்கலாம், முற்றிலும் தவிர்க்க முடியாது. இழுவையில் சேர்த்த வேகத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு வீச்சிலும் இப்படித்தான் கரைகிறது.

விதி என்ன சொன்னது? இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றுபோல இயங்க வேண்டும் என்றது. அவை தண்ணீருக்கு அடியில்தான் முன்னே போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆண்களில் சிலர் இதைக் கண்டுகொண்டு கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி முன்னே வீசத் தொடங்கியிருந்தார்கள். 1936 பெர்லினில் மரியா லெங்க் அதையே செய்தார். ஒலிம்பிக்கில் அப்படி நீந்திய முதல் பெண் அவர். கால்கள் தவளையாகவே இருந்தன. கைகள் மட்டும் சிறகுகளாயின.

இதற்கு விலையும் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் கையின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. வெளியே எடுத்த கணமே அந்தத் தாங்கல் போய்விடும். தோளையும் மார்பின் மேற்பகுதியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். வீச்சுக்கு வீச்சு இதைச் செய்வது உடலை வெகு சீக்கிரம் களைக்க வைக்கும். எனவே 200 மீட்டர் முழுக்க அப்படி நீந்த வேண்டுமானால் வேண்டியது மூச்சு. எந்த மூச்சுக்காக ஆற்றில் இறக்கிவிடப்பட்டாரோ, அதே மூச்சு.

பெர்லினில் அவர் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. 1939இல் வேளை வந்தது. மார்பு நீச்சலில் 200 மீட்டர், 400 மீட்டர் இரண்டிலும் உலக சாதனை படைத்தார். 200 மீட்டருக்கு 2 நிமிடம் 56 நொடி, அதாவது நொடிக்கு 1.14 மீட்டர் வேகம். 1940 ஒலிம்பிக்கைப் போர் விழுங்கியது. அந்தப் பதக்கம் அவருக்குக் கிடைத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

1941இல் பிரேசில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: பெண்கள் தங்கள் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் ஈடுபடக் கூடாது. இரண்டு உலக சாதனைகளை ஒரு பெண் படைத்துக் காட்டி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. நீச்சல் தப்பியது. ஆனால் 1965இல் தடைக்கு உரிய விளையாட்டுகளைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டபோது கால்பந்து, பளுதூக்குதல் முதலியவற்றோடு வாட்டர் போலோவும் அதில் இருந்தது. அதே குளம், அதே தண்ணீர், அதே தோள்கள். கையில் பந்து வந்தவுடன் பெண்ணின் இயல்பு மாறிவிடும் என்பதற்கு எந்த உடலியல் ஆதாரமும் இல்லை. அந்தத் தடை 1979வரை நீடித்தது. தடை நீங்கிய பிரேசிலில் 1986இல் பிறந்த மார்த்தா, கால்பந்து உலகக் கோப்பைகளில் 17 கோல்கள் அடித்து, அதுவரை ஆணோ பெண்ணோ எட்டாத எண்ணிக்கையைத் தொட்டார்.

பெர்லினில் கண்ட அந்தக் கைவீச்சு 1952இல் மார்பு நீச்சலிலிருந்து பிரிக்கப்பட்டது. டால்பின் வால்போல இரண்டு கால்களும் சேர்ந்து உதைக்கவும் அனுமதி கிடைத்தது. பட்டர்ஃபிளை என்ற தனி நீச்சல் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அறிமுகமானது.

மரியா லெங்க் உடற்கல்வி கற்பித்தார். முதியோர் போட்டிகளில் 90 வயதுக்குப் பிறகும் நீந்தினார். 2007 ஏப்ரலில், 92ஆம் வயதில், ரியோ டி ஜெனிரோவில் ஃபிளமெங்கோ கழகத்தின் நீச்சல் குளத்தில் பயிற்சியில் இருந்தபோது உயிர் பிரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் அந்த நகரத்தில் பான் அமெரிக்கப் போட்டிகள் நடந்தன. புதிதாகக் கட்டிய குளத்துக்கு அவர் பெயர்தான். அந்தக் குளத்தில் பெண்களுக்கான பட்டர்ஃபிளை போட்டியும் நடந்தது.