தானியங்கிக் காற்று வெளியேற்றி

தானியங்கிக் காற்று வெளியேற்றி என்பது, வெந்நீரைக் கொண்டு வீடுகளைச் சூடாக்கும் மைய வெப்பமூட்டல் அமைப்புகளில், ரேடியேட்டர்களிலும் குழாய்களிலும் சேரும் காற்றைத் தானாகவே வெளியேற்றும் ஒரு சிறிய கருவி ஆகும். ஐக்கிய இராச்சியம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளில் இவ்வகை வெப்பமூட்டல் பரவலாகப் பயன்படுகிறது. காற்று வெளியேற வேண்டும், நீர் வெளியேறக் கூடாது என்பதே இக்கருவியின் அடிப்படைத் தேவையாகும். கையால் திறந்து மூடப்படும் காற்றுத் திருகுக்கு மாற்றாக இதனைப் பொருத்தலாம். எனினும், காற்று எங்கிருந்து வருகிறது என்பதை ஆராயாமல் பொருத்தினால், அமைப்பில் உள்ள பழுதை இக்கருவி மறைத்துவிடக் கூடும்.

பின்னணி

மைய வெப்பமூட்டலில், கொதிகலனில் சூடாக்கப்பட்ட நீரை ஒரு பம்பு குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குச் செலுத்துகிறது. வெப்பத்தை அறைக்குக் கொடுத்த நீர் மீண்டும் கொதிகலனை அடைகிறது. ஒரே நீரே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

காற்று நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே, நீருடன் வரும் காற்றுக் குமிழ்கள் ரேடியேட்டரின் மேற்பகுதியில் தங்கிவிடுகின்றன. அவ்விடத்தை வெந்நீரால் நிரப்ப இயலாது. இதனால் ரேடியேட்டரின் அடிப்பகுதி சூடாகவும் மேற்பகுதி குளிர்ந்தும் இருக்கும். சலசலக்கும் ஓசையும் கேட்கலாம். இதற்கு மாறாக, மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதியின் நடுவிடம் குளிர்ந்தும் இருந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் காற்று அன்று. அடியில் படிந்த வண்டலே ஆகும்.

காற்று சேரும் வழிகள்

1. நீரில் கரைந்துள்ள காற்று: குழாய் நீரில் எப்போதும் சிறிதளவு காற்று கரைந்திருக்கும். ஒரு வளிமம் நீரில் கரையும் அளவு அதன் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் உள்ளது என்பதை ஆங்கில வேதியியலாளர் வில்லியம் என்றி 1803 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். வெப்பநிலை உயரும்போது இக்கரைதிறன் குறைகிறது. எடுத்துக்காட்டாக, இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் காற்றோடு தொடர்புடைய ஒரு லிட்டர் நன்னீரில் 10 °செ வெப்பநிலையில் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிசன் கரைந்திருக்கும்; 20 °செ வெப்பநிலையில் இது சுமார் 9.1 மில்லிகிராம் ஆகக் குறையும். எனவே, புதிய நீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த காற்றில் ஒரு பகுதி குமிழ்களாகப் பிரிகிறது.

2. அரிப்பினால் உண்டாகும் ஐதரசன்: உருக்கு ரேடியேட்டரின் உட்புறம் அரிக்கப்படும்போது மாக்னடைட்டு எனப்படும் கரிய இரும்பு ஆக்சைடும் ஐதரசனும் உருவாகலாம். ரேடியேட்டரின் உச்சியில் சேர்வது எப்போதும் காற்றாகவே இருக்கும் என்று கொள்ள இயலாது. ஐதரசன் தீப்பற்றக் கூடியது என்பதால், காற்றை வெளியேற்றும்போது அருகில் தீச்சுடர் இருத்தல் ஆகாது.

3. நெகிழிக் குழாய்கள்: ஆக்சிசன் ஊடுருவுவதைத் தடுக்கும் படலம் இல்லாத நெகிழிக் குழாய்களின் சுவர் வழியாக ஆக்சிசன் சிறிது சிறிதாக நீரை அடைகிறது.

4. எதிரழுத்தம்: குழாயமைப்பின் ஓரிடத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைந்தால், சிறு இடைவெளிகள் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும்.

வகைகள்

மிதவை வகை

இதில் பித்தளையால் ஆன ஒரு சிறு அறையும் அதனுள் ஒரு மிதவையும் உள்ளன. அறையில் நீர் நிறைந்திருக்கும்போது மிதவை மேலெழுந்து வால்வை மூடி வைக்கிறது. காற்று சேரச் சேர அறையின் நீர்மட்டம் தாழ்கிறது. மிதவையும் கீழிறங்கி வால்வைத் திறக்கிறது. காற்று வெளியேறியதும் நீர்மட்டம் உயர்ந்து வால்வு மீண்டும் மூடிக்கொள்கிறது. இது ஆர்க்கிமிடீசின் மிதப்புத் தத்துவத்தின் எளிய பயன்பாடாகும். கொதிகலனுக்கு அருகிலும் செங்குத்துக் குழாய்களின் உச்சியிலும் இவ்வகை மிகுதியாகப் பொருத்தப்படுகிறது. தற்காலக் கொதிகலன்கள் பலவற்றின் உள்ளேயே இத்தகைய கருவி ஒன்று அமைந்துள்ளது.

ஈரமுறிஞ்சும் வகை

இது ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள திருகின் இடத்தில் பொருந்தும் அளவுக்குச் சிறியது. இதனுள் செல்லுலோசு போன்ற நாரால் ஆன மெல்லிய வட்டுகள் அடுக்கப்பட்டுள்ளன. உலர்ந்த வட்டுகளின் இடைவெளி வழியாகக் காற்று வெளியேறுகிறது. நீர் வந்து தொட்டவுடன் வட்டுகள் உப்பி வழியை அடைத்துவிடுகின்றன. மீண்டும் காற்று சேர்ந்தால் வட்டுகள் உலர்ந்து சுருங்கி வழி திறக்கும். இவ்வகையில் காற்று மெதுவாகவே வெளியேறும் என்பதால், வெறுமையான அமைப்பை நீரால் நிரப்பும்போது கையால் திறப்பதே விரைவானது.

நீராவி ரேடியேட்டர்களில் உள்ள கருவி

நியூயார்க் போன்ற அமெரிக்க நகரங்களின் பழைய கட்டடங்களில் நீராவியால் சூடாக்கும் ஒற்றைக் குழாய் ரேடியேட்டர்கள் உள்ளன. அவற்றின் காற்று வெளியேற்றி நீரால் அன்றி, நீராவியின் வெப்பத்தால் மூடிக்கொள்கிறது. நீராவி காற்றைவிட இலேசானது. ஆதலால் அக்கருவி ரேடியேட்டரின் உச்சியில் அல்லாமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பொருத்தப்படுகிறது. இவ்விரு வகைகளையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்துதல் ஆகாது.

பொருத்தும் முறை

ஐக்கிய இராச்சியத்தில் தகட்டு ரேடியேட்டர்களின் மேல் மூலைத் துளைகள் பொதுவாக அரை அங்குலக் குழாய்ப் புரி கொண்டவை. பொருத்தும் வரிசை பின்வருமாறு:

* வெப்பமூட்டலை நிறுத்தி, நீர் ஆறும் வரை காத்திருத்தல்.
* ரேடியேட்டரின் இரு முனைகளிலும் உள்ள வால்வுகளை மூடுதல். திரும்பு குழாயின் வால்வை மூட எத்தனை சுற்றுகள் தேவைப்பட்டன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே அளவு திறந்தால்தான் ரேடியேட்டர்களுக்கு இடையிலான நீர்ப் பங்கீடு மாறாதிருக்கும்.
* ரேடியேட்டரின் அழுத்தத்தைப் போக்கி, துளைக்குக் கீழே நீர்மட்டம் தாழும் வரை நீரை ஒரு பாத்திரத்தில் வடித்தல்.
* பழைய திருகுக் கட்டையைக் கழற்றி, புதிய கருவியை நீர்க்கசிவு ஏற்படாதவாறு பொருத்துதல்.
* வால்வுகளைத் திறந்து நிரப்பி, கசிவு உள்ளதா எனப் பார்த்தல். பின்னர் அமைப்பின் அழுத்தத்தைச் சரிசெய்தல்.

மிதவை வகையின் மேல்மூடி இறுக மூடியிருந்தால் காற்று வெளியேறாது. இயக்கத்தின்போது அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். மிதவைக் கருவிக்குக் கீழே தடுப்பு வால்வு ஒன்றை வைத்தால், அமைப்பு முழுவதையும் வடிக்காமலேயே கருவியைக் கழற்றலாம்.

பயன்படுத்தக் கூடாத இடங்கள்

நீர்த்தூணின் உயரம் 10 மீட்டர் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடும். மூடிய அமைப்பில் தரைத்தளக் கொதிகலனின் அழுத்தமானி 1 பார் காட்டுமானால், பம்பு ஓடாத நிலையில், அதற்கு 5 மீட்டர் மேலே உள்ள ரேடியேட்டரில் வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறக்குறைய 0.5 பார் கூடுதலாக இருக்கும். காற்றை வெளியே தள்ள இது போதும்.

கூரைக்கடியில் சிறு தொட்டி வைத்த திறந்த அமைப்புகளில் நிலைமை வேறு. தொட்டியின் நீர்மட்டம் மேல்மாடி ரேடியேட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே உயரத்தில் இருந்தால், அங்குள்ள மிகை அழுத்தம் 0.1 பார் அளவே ஆகும். பம்பின் உறிஞ்சுதல் அங்கு இதைவிடக் கூடுதலான இறக்கத்தை உண்டாக்கினால், தானியங்கிக் கருவி காற்றை வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பம்பு ஓடும்போது கைத்திருகைச் சிறிது திறந்தால் காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் இக்கருவியைப் பொருத்தலாகாது. பம்பின் இடத்தையோ தொட்டிக் குழாய் இணையும் இடத்தையோ திருத்துவதே தீர்வாகும்.

நன்மைகளும் குறைகளும்

அடிக்கடி திருகைத் திறக்க வேண்டியதில்லை என்பதும், எட்டாத உயரத்தில் உள்ள குழாய்களில் சேரும் காற்றும் தானே வெளியேறும் என்பதும் இதன் நன்மைகள். வயதானவர்கள் தனித்து வாழும் வீடுகளில் இது பெரிதும் உதவும்.

இதன் முதன்மையான குறை, அறிகுறியை நீக்கிக் காரணத்தை விட்டுவைப்பதாகும். புதிதாக நிரப்பிய அமைப்பில் சில நாட்களுக்குக் காற்று பிரிவது இயல்பு. அதன் பின்னரும் தொடர்ந்து காற்று சேர்ந்தால், அரிப்போ, கசிவோ, பம்பின் அமைவிடத் தவறோ இருக்க வேண்டும். கைத்திருகு உள்ள வீட்டில், வாரந்தோறும் திறக்க நேர்வதே ஓர் எச்சரிக்கையாக அமையும். தானியங்கிக் கருவி உள்ள வீட்டில் அவ்வெச்சரிக்கை கிடைப்பதில்லை. வளிமம் வெளியேறும்போது மூடிய அமைப்பின் அழுத்தம் குறைகிறது; அதை ஈடுசெய்யச் சேர்க்கும் புதிய நீர் மேலும் ஆக்சிசனைக் கொண்டு வருகிறது; ஆக்சிசன் அரிப்பை வளர்க்கிறது. இச்சுழற்சி தொடர்ந்தால், ரேடியேட்டர் ஓட்டையாகும் வரை எவரும் அறியாதிருக்க நேரலாம். ஆகவே, அழுத்தமானியை அவ்வப்போது பார்ப்பதும், அரிப்புத் தடுப்பு வேதிப்பொருளை நீரில் சேர்ப்பதும் இன்றியமையாதவை.

பராமரிப்பு

மாக்னடைட்டுத் துகள்கள் வால்வின் இருக்கையில் சிக்கினால் வால்வு முழுமையாக மூடாது. நீர் சொட்டத் தொடங்கும். மேல்மாடியில் இவ்வாறு சொட்டும் நீர் கீழ்த்தளத்தின் உட்கூரையைப் பாழாக்கக் கூடும். கருவியைச் சுற்றி உப்புப் படிவு காணப்படுவது மெதுவான கசிவின் அறிகுறி. பழைய அமைப்பை வண்டல் போகக் கழுவிய பின்னரே இக்கருவிகளைப் பொருத்துவது நன்று. ஈரமுறிஞ்சும் வட்டுகள் நாளடைவில் தம் தன்மையை இழப்பதால் அவற்றைக் குறித்த கால இடைவெளியில் மாற்ற வேண்டும். சுவருக்கும் ரேடியேட்டருக்கும் வண்ணம் பூசும்போது காற்றுத்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மைய வெப்பமூட்டல்
* என்றியின் விதி
* அரிப்பு
* மிதப்பு விசை