நாயோடு நடக்கையில்…

கொடைக்கானலிலும் குன்னூரிலும் காட்டெருமைகள் தெருவுக்கே வந்துவிடுகின்றன. வளர்ந்த ஆணின் எடை 1000 கிலோவை எட்டும். நாய் குரைத்துத் துரத்தினால், மிரண்ட விலங்கு நாயுடன் வருபவரையும் முட்டிவிடலாம். ஆகவே, நாயை எப்போதும் வாரில் பிடித்தே நடத்துங்கள்.

விலங்குகளைத் துரத்தாதிருக்க, நாயை ஆடு, மாடு மேயும் இடத்தில் எட்ட நின்று பழக்குங்கள். அவற்றைப் பார்த்த நாய் உங்கள் பக்கம் திரும்பியதும் பாராட்டி, பிடித்த தீனி கொடுங்கள். தீனியைச் சட்டை செய்யாமல் விறைத்து நின்றால், மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். அடிக்காதீர்கள், அடி, பயத்தையும் மூர்க்கத்தையுமே வளர்க்கும்.

காட்டெருமையே எதிர்ப்பட்டால் பயிற்சிக்கு அது நேரமல்ல. சத்தமின்றி வந்த வழியே திரும்பிவிடுங்கள். நாயும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள், காட்டு விலங்கும் நிம்மதியாக மேயும்.