பச்சிளங் குழந்தையின் இடுப்பு மூட்டு

பிறந்த குழந்தை பால் குடிக்கிறது, உறங்குகிறது, கால்களை உதைத்துக் கொள்கிறது. அதன் இடுப்பு மூட்டு செவ்வையாக அமையவில்லை என்பதை அப்பொழுது யார் அறிவார்? குழந்தைக்கு வலி இல்லை. ஓராண்டு கழிந்து, அது ஒருபுறம் சாய்ந்து விந்தி நடப்பதைக் கண்ட பின்னரே பெற்றோர் திடுக்கிடுவர். அந்நிலையில் பலருக்கு அறுவை மருத்துவம் வேண்டியதாகிவிடும். முதற்சில வாரங்களிலேயே கண்டறிந்தாலோ, தொடைகளை மடக்கி விரித்து வைக்கும் மெல்லிய வார்க்கட்டே பெரும்பாலும் போதும். செக் நாட்டு மருத்துவர் அர்னோல்ட் பாவ்லிக் வகுத்த கட்டு அது.

தொடையெலும்பின் தலை ஓர் உருண்டை. அது இடுப்பெலும்பிலுள்ள குழியில் பொருந்துகிறது. குழி ஆழமின்றி இருப்பின் உருண்டை நழுவும். இக்குறை பெண் குழந்தைகளிடத்தும் இடப்பக்க மூட்டிலும் மிகுதி. தாயின் வயிற்றில் தலை மேலாக இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் முன்பே இக்குறை உள்ள குழந்தைக்கும் இது வரக்கூடும். கால்களை நீட்டி இறுகச் சுற்றும் வழக்கமும் கேடு செய்வதே. தமிழ்த் தாய்மார் வளர்ந்த குழந்தையை இடுப்பில் ஏந்தும்பொழுது தொடைகள் விரிந்திருப்பது மூட்டுக்கு உகந்த நிலை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நழுவும் மூட்டைக் கையால் அறியும் முறையை இத்தாலியில் ஒர்டோலானி 1930களில் விளக்கினார். இங்கிலாந்தில் பார்லோ 1962இல் மற்றொரு முறையைச் சேர்த்தார். ஆயினும் நழுவாது, ஆழம் மட்டும் குறைந்து நிற்கும் குழியை எவ்வளவு தேர்ந்த கையும் தவறவிடலாம். எக்ஸ்ரே உதவாதோ? அவ்வுருண்டை முதலில் முழுதும் குருத்தெலும்பு. அதன் நடுவே எலும்பு தோன்றப் பல மாதம் செல்லும். அதுவரை படத்தில் அது தெரியாது.

ஆஸ்திரிய மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980இல் வெளியிட்ட முறை இவ்விடரைத் தீர்த்தது. செவிக்கு எட்டாத ஒலி குருத்தெலும்பை ஊடுருவும். முற்றிய எலும்பில் பட்டால் திரும்பிவிடும். ஆகவே எக்ஸ்ரே பயன்படாத அந்த இளம் பருவமே ஒலிக்கு ஏற்ற பருவமாயிற்று. திரும்பி வரும் ஒலியால் அமைந்த படத்தில் குழிக் கூரையின் கோணத்தை அளக்கின்றனர். 60 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் மூட்டு முதிர்ந்தது. கருவி சற்றே சாய்ந்தாலும் அளவு பொய்க்கும். பயிற்சி பெற்ற கை இன்றியமையாதது.

எல்லாக் குழந்தைகளையும் இவ்வாறு சோதிப்பதா என்பதில் நாடுகள் ஒருமைப்படவில்லை. ஆஸ்திரியா 1992இலும் ஜெர்மனி 1996இலும் எல்லோருக்கும் என விதித்தன. பிரிட்டனில் கைச்சோதனை அனைவர்க்கும். ஒலிச்சோதனை ஐயத்திற்குரியோர்க்கு மட்டும். முதிராத மூட்டுகளுட் பல தாமாகவே சில வாரங்களில் முதிர்கின்றன. அவற்றுக்கெல்லாம் கட்டுப் போட்டால் வீண் தொல்லை. தொடையை வலிந்து விரித்தால் உருண்டைக்குச் செல்லும் குருதியோட்டமும் தடைப்படலாம். மெய்தான், எனினும் இது அவசரப்பட்டுக் கட்டுவதற்கு எதிரான வாதமேயன்றிப் பார்ப்பதற்கு எதிரானதன்று. இக்குறையுடைய குழந்தைகளுட் பலருக்கு ஐயுறத்தக்க காரணம் எதுவும் இருப்பதில்லை என்பதையும் எண்ண வேண்டும். ஆஸ்திரியாவில் முதல் வாரத்தில் ஒருமுறையும், 6 முதல் 8 வாரத்திற்குள் மறுமுறையும் பார்க்கின்றனர். முதற்சோதனையில் ஐயத்திற்கிடமாய் இருந்த மூட்டு இதற்குள் முதிர்ந்ததா என்பது மறுசோதனையில் விளங்கும்.

எல்லோருக்கும் சோதனை இல்லாத நாடுகளில், குழந்தை தலை மேலாக இருந்ததையும், உறவினர் எவரேனும் இளமையில் இடுப்புக்குக் கட்டுப் போட்டிருந்ததையும் தாய் தானே மருத்துவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும்.