ஒரே குமிழிக்குள் இரண்டு மருந்து ஏன்?

தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 1970-களிலிருந்து ஒரே கணக்குதான்: சைட்டராபின் 7 நாள், டானோரூபிசின் 3 நாள். சேர்ந்தே போனாலும் இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை. சைட்டராபின் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும்; டானோரூபிசின் திசுக்களில் தங்கிவிடும்.

அதனால் என்ன? ஆய்வகத்தில் பார்த்தபோது, 5 மூலக்கூறு சைட்டராபினுக்கு 1 டானோரூபிசின் இருந்தால் ஒன்றுக்கொன்று கை கொடுத்தன. விகிதம் மாறினால் சில சமயம் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்தது! சமையலில் உப்பும் புளியும் போலத்தான்.

வழி? இரண்டையும் 5:1 கணக்கில் சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள், அதாவது லிப்போசோமுக்குள், பூட்டுவது. எலும்பு மஜ்ஜையில் புற்றுசெல்கள் குமிழியை அப்படியே விழுங்குகின்றன. விகிதம் குலையாமல் மருந்து உள்ளே போய்ச் சேர்கிறது. குப்பியில் ஊதாப் பொடி. கரைத்து 90 நிமிடம் நரம்பில் ஏற்ற வேண்டும். முதல் சுற்றுக்கு மூன்று நாள் போதும்: 1, 3, 5.

வைக்சியோஸ் என்ற இம்மருந்துக்கு அமெரிக்கா 2017-இல் அனுமதி தந்தது. 60 முதல் 75 வயதுள்ள, ஆபத்து மிகுந்த வகை நோயாளிகளிடம் இடைநிலை ஆயுள் 5.95 மாதத்திலிருந்து 9.56 ஆனது. பெரிய பாய்ச்சலில்லை, ஆனால் மூலக்கூறுகள் பழையவையே என்பதை மறக்கக் கூடாது. ரத்த அணுக்கள் மீளத்தான் கூடுதல் நாளாகிறது.

பெயர் ஒன்றுதானே என்று சாதாரண டானோரூபிசினுக்குப் பதில் இதை மாற்றிப் போடக் கூடாது. அளவுக் கணக்கே வேறு.