கண்ணுக்கேற்ற கண்ணாடி

நம் முன்னோர் தமக்கு மிகவும் அருமையானவரைக் ‘கண்ணே’ என்றும் ‘கண்மணியே’ என்றும் அழைத்தனர். அத்துணை அருமையான கண்ணுக்கு ஒரு குறை வந்தால் மட்டும் நம்மிற் பலர் பாராமுகமாய் இருந்துவிடுகிறோம். பலகையில் உள்ளதைப் படிக்க இயலாமல் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டை எட்டிப் பார்க்கும் மாணவனை ‘மந்தமானவன்’ என்று எண்ணிவிடுகிறோம். அவனோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் தவிக்கின்றான். அவனுக்குத் தேவை பிரம்பன்று, ஒரு மூக்குக்கண்ணாடியே. ஆகவே, யாருக்கு எத்தகைய கண்ணாடி ஏற்றது என்பதை இங்கே ஆராய்வோம்.

பார்வைக் குறைகள்

பொருள்களிலிருந்து வரும் ஒளி, கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையின்மேல் சரியாகக் குவிந்தால் பார்வை தெளிவாக இருக்கும். கண்கோளம் சற்று நீண்டிருந்தால் ஒளி திரைக்கு முன்னரே குவிந்துவிடும். அருகிலுள்ளவை தெரியும், தொலைவிலுள்ளவை மங்கும். இது கிட்டப்பார்வை. இதற்குக் குழிவில்லை வேண்டும். கண்கோளம் குட்டையாக இருந்தால் ஏற்படுவது தூரப்பார்வை. இதற்குக் குவிவில்லை வேண்டும். விழியின் முன்புற வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாவிடில் எழுத்துகள் கலைந்து தோன்றும். இதற்கு உருளை வில்லை வேண்டும். ஏறத்தாழ 40 வயதுக்குமேல் கண்ணினுள் இருக்கும் இயற்கை வில்லை நெகிழ்ச்சி குன்றுவதால் வருவதே வெள்ளெழுத்து. இது நோயன்று, நரையைப் போல் எல்லாருக்கும் வருவது.

கண்ணைச் சோதித்தவர் தரும் சீட்டில் கழித்தல் குறி இருந்தால் குழிவில்லை. கூட்டல் குறி இருந்தால் குவிவில்லை. எண்ணின் அளவு ‘டயாப்டர்’ எனப்படும். மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். கிட்டப்பார்வை உடையவரின் எண் 2 என்றால், 1ஐ 2ஆல் வகுத்தால் அரை மீட்டர். அதாவது, கண்ணாடி இல்லாமல் அவருக்கு 50 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். எண் 4 என்றால் 25 சென்டிமீட்டர் மட்டுமே. வகுப்பறைப் பலகை எங்கே, 25 சென்டிமீட்டர் எங்கே!

எதனால் செய்த வில்லை?

பழைய கண்ணாடி வில்லைகளில் எளிதில் கீறல் விழாது. ஆனால் அவை கனமானவை, உடைந்தால் கண்ணைக் கிழிக்கக்கூடியவை. சாதாரணப் பிளாஸ்டிக் வில்லையின் எடை அதில் ஏறத்தாழப் பாதியே, விலையும் குறைவு. பாலிகார்பனேட் வில்லை இன்னும் இலேசானது. அடிபட்டாலும் எளிதில் நொறுங்காது. ஓடியாடி விளையாடும் பிள்ளைகளுக்கு அதுவே தக்கது. அது எளிதில் கீறல் விழும் பொருளாதலால் கீறல் தடுக்கும் பூச்சு அவசியம். எண் மிகுந்தவர்களுக்கு மெல்லிய வில்லைகளும் உள்ளன, விலை கூடுதல். சிறிய சட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலே வில்லையின் தடிப்பு ஓரளவு குறைந்துவிடும் என்பதையும் அறிந்துகொள்வோம்.

நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு கண் களைப்பைப் போக்கும் என்று கூறி விற்கின்றனர். 2023ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், அதனால் கண் களைப்புக் குறைவதாகச் சான்று காணவில்லை. அப்பணத்தை நல்ல சோதனைக்குச் செலவிடுவது மேல்.

தொழிலுக்கேற்ற தேர்வு

கண்ணாடி வாங்கும்போது எண்ணை மட்டும் சொன்னால் போதாது. நாம் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணாடி பெரும்பாலும் 40 சென்டிமீட்டர் தொலைவில் படிப்பதற்காகச் செய்யப்படுகிறது. தையல் வேலை செய்யும் தாய்க்கு அதைவிட அருகில் தெரிய வேண்டும். பால்மரம் சீவுபவருக்கோ மரப்பட்டை சற்றுத் தள்ளியே இருக்கும். ஆகவே, கை நீட்டி வேலை செய்யும் தொலைவை அளந்து சொல்வது நன்று.

மேற்பாதி தொலைவுக்கும் கீழ்ப்பாதி அருகுக்குமாக அமைந்த இருபார்வைக் கண்ணாடி, பெஞ்சமின் பிராங்கிளின் காலத்திலிருந்தே, அதாவது 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கில் உள்ளது. அலுவலகத்தாருக்கும் ஆசிரியருக்கும் அது பெரிதும் உதவும். ஆனால் செம்பனைத் தோட்டத்தில் மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பவர் கீழே நோக்கினால், தரை அந்தக் கீழ்ப்பாதி வழியாக மங்கலாகத் தெரிந்து கால் இடறக்கூடும். அவருக்கு வேலை நேரத்தில் தொலைவுப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடியே பாதுகாப்பானது.

வெயிலில் உழைப்பவர்கள் வில்லையின் கருமையைக் கண்டு மயங்கலாகாது. நிறம் வேறு, புற ஊதாக் கதிர்த் தடுப்பு வேறு. ‘யு.வி. 400’ என்னும் தடுப்பு உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும். மேலும், குலை வெட்டும்போது தூசியும் முள்ளும் மேலிருந்து விழும். பக்கங்கள் திறந்த சாதாரணக் கண்ணாடி அதற்குப் போதாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பால் உறையவைக்கும் அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே தூய நீரால் 15 நிமிடத்திற்குக் குறையாமல் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

இரவுச் சந்தையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடிகளில் இரு வில்லைகளின் எண்ணும் ஒன்றே. நம் கண்கள் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதோ அரிது. வெள்ளெழுத்து மட்டும் உள்ள முதியவர் படிப்பதற்கு அது உதவலாம். பிள்ளைகளுக்கு ஒருபோதும் ஆகாது. தந்தையின் பழைய கண்ணாடியைப் பிள்ளைக்கு மாட்டுவதும் தவறே.

‘சிறு வயதில் கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடும்’ என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் மலேசிய நாட்டிலேயே 94 பிள்ளைகளை இரண்டாண்டுகள் கவனித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவ்வச்சத்திற்கு மாறான உண்மையைக் காட்டியது. தேவையைவிடக் குறைந்த எண்ணில் கண்ணாடி அணிந்த பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை விரைவாகக் கூடியது. மற்றொன்றும் உண்டு. ஒரு கண் மட்டும் மங்கியிருந்து அதைத் திருத்தாமல் விட்டால், மூளை அக்கண்ணைப் புறக்கணித்துவிடும். அதனைச் சோம்பற்கண் என்பர். இளமையிலேயே, குறிப்பாக 7 வயதுக்குள் கண்டறிந்தால் குணப்படுத்துதல் எளிது. காலம் கடந்தால் கடினம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன?

ஆதலால் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை, பதிவு பெற்ற கண் பரிசோதகரிடம் அழைத்துச் செல்வோம். பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, அடிக்கடி தலைவலி என்றாலோ, ஏட்டை மூக்கருகே வைத்துப் படித்தாலோ ஆண்டு முடியும் வரை காத்திருக்கலாகாது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் திறந்த வெளியில் விளையாட விடுவோம். அது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கும் என்பது அறிஞர் கண்ட முடிவு.

மாணவச் செல்வங்களே! கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர். தூசி வில்லையைக் கீறிவிடும். நீரில் அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணாடி அணிந்த தோழரை ‘நாலு கண்ணன்’ என்று கேலி செய்யாதீர். அக்கேலிக்கு அஞ்சிக் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துவைக்கும் பிள்ளை, பாடத்தையும் இழக்கிறது, தன்னம்பிக்கையையும் இழக்கிறது. தெளிவாகப் பார்ப்போம், தெளிவாகக் கற்போம்!