கை வெடிப்பும் தோலுக்குள் இருக்கும் கொழுப்பும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில், இருபது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் வயலும் ஏரியுமாக இருந்த இடங்களில் இன்று கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் நிற்பதை அறிவீர்கள். அவற்றைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள். ஷிப்டு முடிந்து கை கழுவும் குழாயடியில் சற்று நின்று பாருங்கள். கிரீஸ் ஏறிய கை சாதாரண சோப்புக்கு மசியாது. ஆகவே தின்னரை ஊற்றித் துடைப்பார்கள். அது இல்லாவிட்டால் பெட்ரோல். அதுவும் இல்லாவிட்டால் துணி துவைக்கும் சோப்புத்தூள். கை உடனே வெளுத்துவிடும். சில வாரங்களில் விரல் இடுக்கு சிவக்கும், புறங்கை செதில் செதிலாக உரியும், மூட்டுகளில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் மறுநாள் கூலன்ட் பட்டால் உயிர் போகிற எரிச்சல்.

நிரந்தர வேலையில் இருப்பவர் விடுப்பு எடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வசதி குறைவு. வராத நாளுக்குக் கூலி இல்லை. பல நாள் வராவிட்டால் அவன் இடத்தில் வேறொரு பையன் நிற்பான். ஊரில் தங்கையின் படிப்புச் செலவு இவன் கையை நம்பி இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர் எண்ணெயும் வாசலினும் எழுதிக்கொடுப்பதைப் பார்த்து, "எண்ணெய்க்குமா மருந்துச் சீட்டு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நான் இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்தவன், மருத்துவன் அல்ல. ஆயினும் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நமது தோலின் உச்சியில் ஒரு மெல்லிய படலம் உண்டு. உடலின் பெரும்பகுதியில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரு தாளைவிட மெலியது. தட்டையாகிச் செத்துப்போன அணுக்கள் பதினைந்து இருபது அடுக்காக அதில் கிடக்கின்றன. அவற்றைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், இடையில் உள்ள சாந்துதான் கொழுப்பு. இந்தச் செங்கல்-சாந்து உவமையை 1980-களில் பரவலாக்கியவர் பீட்டர் எலையஸ் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர். உடலின் நீர் வெளியே வற்றிப்போகாமலும், வெளியிலுள்ள ரசாயனமும் கிருமியும் உள்ளே நுழையாமலும் காப்பது பெரும்பாலும் இந்தச் சாந்துதான்.

முகத்தில் வழியும் எண்ணெய்ப் பிசுக்கு வேறு, இது வேறு. அந்தப் பிசுக்கு சுரப்பிகளிலிருந்து வருவது; உள்ளங்கையில் அந்தச் சுரப்பிகளே கிடையாது. சாந்துக் கொழுப்பில் முக்கியமானவை மூன்று: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம். (இரத்தத்தில் கூடினால் நாம் பயப்படுகிற அதே கொலஸ்ட்ரால்தான், தோலில் அது இல்லாமல் முடியாது.) எடையில் பாதியளவு செராமைடு. ஆனால் மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய சமம்.

இவை குழம்பாகக் கலந்து கிடக்கவில்லை என்பதே இதில் வியப்பு. புத்தகத்தின் தாள்களைப்போல் அடுக்கடுக்காக, ஒழுங்காகப் படிந்திருக்கின்றன. ஓர் அடுக்குத் தொகுதியின் கனம் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் 13 பங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒழுங்கை எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அவை சிதறும் விதத்தைக்கொண்டு அளந்தார்கள். இந்த முறை நம் ஊருக்குப் புதிதல்ல. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலின் உட்பகுதிக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழையாக முறுக்கிய கயிறு என்று கண்டதும் எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையால்தான். அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களுக்குக் கங்காருவின் வால் நரம்பைக் கொடுத்து உதவியது. உள்தோலின் கயிறு அன்றே தெரிந்துவிட்டது. மேல்தோலின் சாந்து அதற்கும் வெகுகாலம் பிடித்தது.

செராமைடு மூலக்கூறுக்கு இரண்டு நீண்ட வால்கள் உண்டு. கொண்டை ஊசியைப்போல் இரண்டும் ஒரே பக்கம் மடங்கியிருக்கும் என்றே பலர் எண்ணினார்கள். 2012-ல் ஸ்டாக்ஹோமிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தார் தோலை உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அவை இருபுறமும் நீட்டிய கைகளைப்போல் எதிரெதிராக விரிந்திருக்கின்றன என்றும், ஒரு கையோரம் கொலஸ்ட்ராலும் மறுகையோரம் கொழுப்பு அமிலமும் நிற்கின்றன என்றும் அறிவித்தார்கள். இதை எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் நெருக்கமான அடுக்கினால்தான் நீர் நுழைய முடிவதில்லை என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இப்போது தின்னருக்கு வருவோம். கிரீஸைக் கரைப்பது எதுவோ அது சாந்தையும் கரைக்கும். இன்னது அழுக்கு, இன்னது சுவர் என்று அதற்குத் தெரியாது. சோப்புத்தூளோ காரத்தன்மையுள்ளது, தோலோ இயல்பிலேயே சற்றுப் புளிப்பு. கொழுப்பு போனபின் தோல் சும்மா இருப்பதில்லை. உடனே புதிதாகச் செய்து அனுப்பத் தொடங்குகிறது. பாதிக்குமேல் ஒரே நாளில் சரியாகிவிடும். முழுவதும் சரியாக ஏறக்குறைய மூன்று நாள் வேண்டும். நாளைக்கு மூன்று தரம் தின்னரில் கை கழுவுகிறவனுக்கு அந்த மூன்று நாள் எப்போது கிடைக்கும்? கொத்தனார் பூசிவிட்டுப் போகுமுன்னே சுரண்டுகிற கதைதான். அவன் தோலில் நோய் என்று ஒன்றும் முதலில் இல்லை, அவகாசம்தான் இல்லை.

எலையஸும் அவரது கூட்டாளிகளும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். தின்னர் வகையைச் சேர்ந்த அசிட்டோனால் எலிகளின் தோலைத் துடைத்துவிட்டு, மேலே கொழுப்பைத் தடவினார்கள். மூன்று கொழுப்பில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் தடவியபோது தோல் தேறுவது தாமதமானது. மூன்றையும் சேர்த்துத் தடவியபோது தாமதம் இல்லை. மணலையும் தண்ணீரையும் மட்டும் கொட்டினால் சாந்து ஆகுமா?

எண்ணெயின் பயனை நம் மாநிலம் வேறு வழியில் முன்னமே கற்றது. தொழுநோயில் நரம்பு கெட்டால் வியர்வை நின்று கால் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டின் காலத்திலிருந்தும், 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் நோயாளிகளுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம் எளியது: தினமும் காலைத் தண்ணீரில் ஊறவை, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவு. தண்ணீர் உள்ளே போகிறது, எண்ணெய் கதவைச் சாத்துகிறது.

எந்த எண்ணெய் என்பீர்கள். சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகுதி. சாந்துக்கு வேண்டிய ஒருவகைச் செராமைடு அதைக்கொண்டே உண்டாகிறது. டாக்கா சிசு மருத்துவமனையில் 33 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளுக்கு அதைத் தடவியதில், மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய் 41 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் வெளியிட்டார்கள். நம் தேங்காய் எண்ணெயில் அந்த அமிலம் மிகக் குறைவு. ஆனாலும் ஈரத்தை மூடிக் காக்கும். ஒலிவ எண்ணெய் பற்றி வருத்தத்தோடு சொல்கிறேன், எருசலேம் யாத்திரையில் ஆசையாய் வாங்கி வருகிறோம்: இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஆய்வில் அது இந்தச் சுவரைப் பலவீனப்படுத்துவதாகத் தெரிந்தது. அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டறைக்காரருக்கு மருத்துவர் சொல்வது இவ்வளவே. சுழலும் இயந்திரத்தில் கையுறை சிக்கி விரல் போகும், ஆகவே அங்கே அணிய வேண்டாம். கழுவும்போதும் துடைக்கும்போதும் அணியலாம். கிரீஸின்மேல் முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். மீதிக்கு மென்மையான சோப்பு. கையை ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே வாசலின். படுக்குமுன் மறுபடியும். நீர் வடிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ அது சிமெண்ட், பிசின், நிக்கல் போன்றவற்றின் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் போதாது, மருத்துவரிடம் வந்துவிட வேண்டும்.