லோடர் யந்திரத்தின் எண்ணெய்க் கோளாறுகள்

குப்பையும் தொழு உரமும் அள்ள உதவும் ஸ்கிட் ஸ்டீர் லோடர், 1957-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வான்கோழிக் கொட்டகையைத் துப்புரவு செய்ய உருவான மூன்று சக்கர யந்திரத்தின் வழிவந்ததாகும். அதன் தூக்குக் கரங்களை உயர்த்துவது, பம்பு அழுத்தித் தள்ளும் எண்ணெயே.

கரங்கள் மெதுவாக எழுந்தால் உடனே பம்பைப் பழித்தல் கூடாது. அதன் விலை அதிகம். முதலில் எண்ணெயின் அளவையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். எண்ணெய் நுரைத்திருப்பின் உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று நுழைகிறது எனலாம். யந்திரத்தை நிறுத்தி நெடுநேரமாகியும் பால்போன்ற வெண்மை தெளியாவிடில் தண்ணீர் கலந்துள்ளது. எண்ணெயை மாற்றுதல் அவசியம். உயர்த்திய கரம் தானே இறங்கினால் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு கசியலாம்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை அறவே விடுக! சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் ஓடும் எண்ணெய், ஊசித்துளையிலிருந்து பீறிட்டால் தோலைத் துளைத்து உட்புகும். காயம் எறும்புக்கடி போலத் தோன்றினும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிக் கசிவைக் காண்பதே முறை. குழாய்களைக் கழற்றுமுன் கரங்களைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோல்களை அசைத்து எஞ்சிய அழுத்தத்தைப் போக்குதல் வேண்டும்.